ஞாயிற்றுக்கிழமை நெடுஓட்டம்: மாரத்தானுக்குப் பழகுபவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

மாரத்தான் பயிற்சி அட்டவணையை முதன்முதலாகக் கையில் வாங்குபவரின் கண் நேராகப் போய் நிற்கும் இடம் ஞாயிற்றுக்கிழமைக் கட்டம். செவ்வாய்க்கு 6 கி.மீ., புதனுக்கு 8, வெள்ளிக்கு 6 என்று சாதுவாக இருக்கும் எண்களுக்குப் பக்கத்தில், அந்தக் கட்டத்தில் மட்டும் 16, 20, 25, 30 என்று எண் ஏறிக்கொண்டே போகும். அந்த ஓட்டத்தைத்தான் ஓட்டக் குழுக்களில் ‘லாங் ரன்’ என்கிறார்கள். இங்கே அதை நெடுஓட்டம் என்று குறிப்பிடுகிறேன். வாரத்தில் ஒருமுறை, மற்ற எந்த நாளையும்விட அதிகத் தூரத்தை, பேசிக்கொண்டே ஓடக்கூடிய நிதானமான வேகத்தில் ஓடி முடிப்பது என்பதே அதற்கு எளிய வரையறை. புதியவர்கள் இந்த வரையறையில் ‘அதிகத் தூரம்’ என்பதை மனத்தில் வாங்கிக்கொண்டு, ‘நிதானமான வேகம்’ என்பதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நானும் அப்படித்தான் தாண்டிப் போய், பட்டினப்பாக்கத்தில் ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார நேர்ந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில், இவ்வளவு தூரம் எதற்கு என்ற கேள்வியைப் பார்த்துவிடலாம்.

மடியில் முடிந்த காசும் நிலத்தில் போட்ட பணமும்

ஓடுவதற்கு வேண்டிய ஆற்றலை உடல் முக்கியமாக இரண்டு இடங்களிலிருந்து எடுக்கிறது. ஒன்று, நாம் உண்ட சோற்றிலிருந்தும் இட்லியிலிருந்தும் கிடைத்த மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் தசைகளும் கல்லீரலும் சேர்த்துவைத்திருக்கும் இருப்பு. மற்றொன்று, உடலில் படிந்திருக்கும் கொழுப்பு. தசைகளில் ஏறக்குறைய 400 முதல் 500 கிராம், கல்லீரலில் ஏறக்குறைய 100 கிராம் என்று கிளைக்கோஜனுக்கு ஓர் எல்லை உண்டு. மொத்தமாகப் பார்த்தால் அது 2,000 கலோரிக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். ஒரு கிலோ உடல் எடையை ஒரு கிலோமீட்டர் சுமந்து ஓட ஒரு கலோரி என்பது தோராயமான கணக்கு. ஆகவே 65 கிலோ எடையுள்ள ஒருவர் மாரத்தானின் 42.195 கி.மீ. தூரத்தையும் ஓடிக் கடக்க ஏறக்குறைய 2,740 கலோரி வேண்டும். கிளைக்கோஜனை மட்டும் நம்பிப் புறப்பட்டால் முடிவுக்கோட்டுக்கு வெகு முன்பே இருப்பு தீர்ந்துவிடும் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. பெரும்பாலோருக்கு 30-ஆவது கி.மீ.க்குப் பிறகு கால் இரும்பாகி, மனம் மங்கி, ஓட்டம் நடையாகத் தேய்வதற்கு முதன்மையான காரணம் இதுதான். ஓட்டக்காரர்கள் இதைச் சுவரில் முட்டிக்கொள்வது என்பார்கள்.

கொழுப்புக்கு இந்தப் பஞ்சம் இல்லை. 60 கிலோ எடையுள்ள ஒல்லியான மனிதரிடம் 6 கிலோ கொழுப்பு மட்டுமே இருப்பதாகக் கொண்டாலும், அதில் 15 மாரத்தான்களுக்கு மேல் ஓடும் அளவுக்கு ஆற்றல் இருக்கிறது. ஆனால் கொழுப்பு மெதுவாகத்தான் எரியும்; அதே அளவு ஆற்றலுக்கு அது கூடுதலாக ஆக்சிஜனையும் கேட்கும். கிளைக்கோஜன் மடியில் முடிந்துவைத்த காசு, கொழுப்பு நிலத்தில் போட்ட பணம் என்று வைத்துக்கொள்ளலாம். அவசரச் செலவு வந்தால் கை மடிக்குத்தான் போகும். நிலத்தை விற்றுக் காசாக்க நேரம் வேண்டும். வேகமாக ஓடுவது உடலுக்கு அவசரச் செலவு. நிதானமாக ஓடும்போது கொழுப்பின் பங்கு கூடி, மடிக்காசு நெடுநேரம் நின்று வருகிறது. வாரந்தோறும் மணிக்கணக்கில் இப்படி ஓடிப் பழகுவதன் வழியாகத் தசை, கொழுப்பை எடுத்துச் செலவழிக்கும் திறனை மெல்ல வளர்த்துக்கொள்கிறது.

அந்தத் திறன் வளரும் இடம், தசைச் செல்லுக்குள் எரிபொருளை ஆற்றலாக மாற்றித் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியா. அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் ஜான் ஹோலோஸி எலிகளைப் பல வாரங்கள் ஓடவைத்துப் பழக்கி, அவற்றின் தசையில் மைட்டோகாண்ட்ரிய நொதிகளின் செயற்பாடு ஏறக்குறைய இரு மடங்காவதை 1967-இல் வெளியிட்டார். தசையைச் சுற்றிய நுண்ணிய இரத்தக் குழாய்களும் பயிற்சியால் பெருகுகின்றன. இன்னொன்றும் நடக்கிறது: நிதானமான ஓட்டத்தின் முதல் ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் மெதுவாகச் சுருங்கும் தசைநார்களே உழைக்கின்றன, அவற்றின் இருப்பு குறையக் குறைய, வேகத்துக்கென்று அமைந்த மற்ற நார்களும் வேலைக்கு அழைக்கப்படுகின்றன. இந்த இரண்டாம் அணியினரை நெடுந்தூர உழைப்புக்குப் பழக்க, முதல் அணியினர் களைக்கும்வரை ஓடியாக வேண்டும். 8 கி.மீ. ஓட்டத்தை நான்கு நாள் ஓடினாலும் 32 கி.மீ. ஆகத்தானே செய்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

கிளைக்கோஜன் இருப்பையும் நெடுஓட்டம் பெருக்கித் தருகிறது. இதைக் காட்டிய சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. 1966-இல் ஸ்வீடனைச் சேர்ந்த யோனாஸ் பெரிஸ்ட்ரோம், எரிக் ஹுல்ட்மன் என்ற இருவரும் தங்கள் உடலையே சோதனைப்பொருளாக்கினார்கள். பயிற்சிச் சைக்கிள் ஒன்றின் இரு பக்கமும் ஆளுக்கு ஒருவராக இருந்துகொண்டு, ஒவ்வொருவரும் ஒற்றைக் காலால் மட்டும், அந்தக் கால் ஓயும்வரை மிதித்தார்கள். அடுத்த சில நாட்கள் மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டு, இரண்டு கால்களின் தசையிலிருந்தும் ஊசியால் துணுக்கெடுத்துப் பார்த்தார்கள். ஓய்ந்திருந்த காலைவிட உழைத்த காலில் ஏறக்குறைய இரு மடங்கு கிளைக்கோஜன் சேர்ந்திருந்தது. ஒரே உடல், ஒரே சோறு. வறண்டுபோன கால் மட்டும் அடுத்த முறைக்கு என்று கூட்டிச் சேர்த்துவைத்திருக்கிறது.

நெடுஓட்டத்தைப் பயிற்சியின் நடுநாயகமாக்கியவர் என்று நியூசிலாந்துப் பயிற்றுநர் ஆர்தர் லிடியார்டைச் சொல்வார்கள். ஆக்லாந்துக்கு மேற்கே உள்ள குன்றுப்பாதைகளில் ஞாயிறுதோறும் 22 மைல், அதாவது ஏறக்குறைய 35 கி.மீ., ஓடவைப்பது அவர் வழக்கம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவரிடம் பழகிய பேரி மகீ மாரத்தானில் வெண்கலம் வென்றதில் வியப்பில்லை. ஆனால் அதே குன்றுகளில் ஞாயிறுதோறும் ஓடிய பீட்டர் ஸ்னெல் வென்றது 800 மீட்டரில் தங்கம்.

எந்த வேகத்தில்

ஓடும்போது ஒரு முழு வாக்கியத்தை மூச்சிரைக்காமல் பேச முடிந்தால் அது நெடுஓட்ட வேகம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை காற்றை இழுக்க வேண்டியிருந்தால் அது வேறு ஓட்டம். எண்ணில் சொல்ல வேண்டுமானால், நாலரை மணி நேரத்தில் மாரத்தானை முடிக்க எண்ணுபவருக்குப் பந்தய வேகம் கி.மீ.க்கு 6 நிமிடம் 24 நொடி. அவர் நெடுஓட்டத்தைக் கி.மீ.க்கு 7 நிமிடம் முதல் 7 நிமிடம் 20 நொடி வரையில் ஓடினால் போதும். புதியவர்களுக்கு இது கூச்சத்தைத் தரும் வேகம். பின்னாலிருந்து வருபவர்கள் எல்லோரும் நம்மைக் கடந்து போவார்கள். கடற்கரைச் சாலையில் கை வீசி நடக்கும் பெரியவர்கள்கூட நெடுநேரம் நம் பக்கத்திலேயே வருவது போலத் தோன்றும்.

சென்னை போன்ற ஊரில் கைக்கடிகாரம் காட்டும் வேகத்தை அப்படியே நம்பவும் முடியாது. டிசம்பர் அதிகாலையில் வெப்பமானி 23, 24 டிகிரியைக் காட்டினாலும், காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் முழங்கை வழியே சொட்டுகிறது. உடலிலிருந்து ஆவியாகும் வியர்வைதான் வெப்பத்தைக் கொண்டுபோகும். சொட்டித் தரையில் விழும் வியர்வையால் நீர் இழப்பு மட்டுமே மிச்சம். தோலைக் குளிர்விக்க உடல் இரத்தத்தைத் தோலுக்குத் திருப்பிவிடுவதாலும், வியர்வையால் இரத்தத்தின் அளவே சற்றுக் குறைவதாலும், ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதயத் துடிப்பு மெல்ல மெல்ல ஏறும். ஐந்தாவது கி.மீ.யில் இலகுவாக இருந்த 7 நிமிட வேகம் இருபத்தைந்தாவது கி.மீ.யில் இலகுவாக இராது. எனவே வேகத்தைக் கட்டிக்காப்பதைவிட மூச்சைக் கட்டிக்காப்பதே சரி. மூச்சு ஏறினால் வேகத்தை விட்டுக்கொடுத்துவிட வேண்டும்.

இனிப் பட்டினப்பாக்கம். என் முதல் 28 கி.மீ. ஓட்டத்துக்கு நான் வைத்திருந்த திட்டம் கி.மீ.க்கு ஏழேகால் நிமிடம். பெசன்ட் நகரில் காரல் ஷ்மிட் நினைவுச்சின்னத்துக்கு அருகில் அதிகாலை நாலரை மணிக்கு நின்றிருந்தபோது, முன்பின் பழக்கமில்லாத ஒரு குழு புறப்பட்டது. நானும் அவர்களுடன் புறப்பட்டுவிட்டேன். அவர்கள் ஓடியது ஆறே கால் நிமிட வேகம். இருட்டு, கடற்காற்று, பேச்சுத்துணை எல்லாம் சேர்ந்து அது எனக்குக் கடினமாகவே தெரியவில்லை. கலங்கரை விளக்கத்திலிருந்து நேப்பியர் பாலம் வரை 3 கி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக நீளும் கடற்கரைச் சாலையில் இரண்டு முறை போய்த் திரும்பியாயிற்று. கலங்கரை விளக்கத்தைத் தாண்டித் தெற்கே திரும்பி, 21-ஆவது கி.மீ.யும் கடந்த பிறகு, யாரோ விளக்கை அணைத்தது போல் இருந்தது. தொடைகள் தூக்க மறுத்தன. எதிரே வந்த ஆட்டோவின் விளக்கைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமலேயே டீயில் இரண்டு கரண்டி சர்க்கரையைக் கூடுதலாகப் போட்டுத் தந்தார். சர்க்கரை உள்ளே போன சில நிமிடங்களில் தலை தெளிந்தது, கால் தெளியவில்லை. ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தேன்.

அந்த 7 கி.மீ. விடுபட்டதில் பெரிய நட்டமில்லை. அடுத்த பத்து நாட்கள் வலது கெண்டைக்கால் இறுகிக் கிடந்து ஒரு நாள்கூட ஒழுங்காக ஓட முடியாமல் போனதுதான் நட்டம். ஒரு ஞாயிறு வேகமாக ஓடியதற்கு அடுத்த ஞாயிறையும் இடையில் இருந்த ஐந்து ஓட்டங்களையும் கொடுத்தேன். அன்றிலிருந்து நெடுஓட்டத்தை நான் அளப்பது ஞாயிற்றுக்கிழமைக் கடிகாரத்தால் அல்ல, புதன்கிழமைக் காலையால்: புதனன்று வழக்கமான 8 கி.மீ.யை வழக்கமான வேகத்தில், எங்கும் நொண்டாமல் ஓட முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் சரியாக ஓடப்பட்டது என்று பொருள். ஓடி முடித்தபோது “இன்னும் இரண்டு கி.மீ. ஓடலாம் போலிருக்கிறதே” என்று தோன்றுவதுதான் நல்ல நெடுஓட்டத்தின் அடையாளம், அந்த இரண்டையும் ஓடாமல் வீட்டுக்குப் போவது அதைவிட நல்லது.

எவ்வளவு தூரம், எத்தனை மணி

ஜனவரி தொடக்கத்தில் நடக்கும் சென்னை மாரத்தானுக்குப் பழகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் ஏற்கெனவே 14 கி.மீ. சிரமமின்றி ஓடக்கூடியவர் என்றால், செப்டம்பர் இறுதியிலிருந்து 14, 16, 18 என்று ஏற்றிக்கொண்டு போய், நான்காவது வாரம் மீண்டும் 14-க்கு இறங்கி, பிறகு 20, 22, மறுபடி இறங்கி 16, அதன்பின் 25, 28, மறுபடி 20, கடைசியாக 30 அல்லது 32 என்று டிசம்பர் நடுவில் உச்சத்தைத் தொடலாம். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இறங்குவதைச் சோம்பல் என்று நினைத்துச் சிலர் தவிர்த்துவிடுகிறார்கள். மூச்சும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும்; எலும்பும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணும் பழகுவதற்கு மாதங்கள் ஆகும். அவை பின்தங்கி வருபவை. அவற்றுக்காகக் காத்திருக்கும் வாரமே அந்த இறங்கும் வாரம்.

எல்லோருக்கும் 32 கி.மீ. என்ற ஒரே எண்ணை வைப்பது எனக்கு உடன்பாடில்லை. கி.மீ.க்கு 5 நிமிடத்தில் ஓடுபவர் 32 கி.மீ.யை இரண்டு மணி 40 நிமிடத்தில் முடித்துவிட்டு வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருப்பார். 8 நிமிடத்தில் ஓடுபவருக்கு அதே தூரம் நாலே கால் மணி நேரம். இருவரின் பாதங்களும் தாங்கிய நேரம் ஒன்றல்ல. அதிலும் இரண்டாமவருக்குக் கடைசி ஒன்றரை மணி நேரம் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்கப் பயிற்றுநர் ஜாக் டேனியல்ஸ் நெடுஓட்டத்துக்கு இரண்டரை மணி நேரத்தை உச்சவரம்பாக வைத்ததோடு, வாரத்தின் மொத்தத் தூரத்தில் அது 25 முதல் 30 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும் என்றார். வாரத்துக்கு 45, 50 கி.மீ. மட்டுமே ஓட நேரம் கிடைக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இந்த விழுக்காட்டைக் கடைப்பிடிக்க முடியாது. ஆனாலும் நேர வரம்பின் பின்னாலிருக்கும் காரணம் நியாயமானது. என் கணிப்பில் மெதுவாக ஓடுபவர்கள் கிலோமீட்டரை மறந்துவிட்டு, மூன்று மணி முதல் மூன்றரை மணி நேரம் வரை என்று எல்லை வைத்துக்கொண்டு, அதற்குள் எவ்வளவு தூரம் ஓட முடிகிறதோ அதை ஏற்றுக்கொள்வது நல்லது.

இடையில் நடப்பது குற்றமில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே, சில நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடக்கும் முறையைப் பரப்பியவர். களைத்த பிறகு வேறு வழியின்றி நடப்பதற்கும், முதல் கி.மீ.யிலிருந்தே நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று கணக்காக நடப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. முன்னது தோல்வி போல மனத்தில் தங்கும். பின்னதில் தசைக்கு அவ்வப்போது இளைப்பாறல் கிடைத்துவிடுகிறது.

தண்ணீர், உப்பு, வாழைப்பழம்

ஒவ்வொருவருக்கும் வியர்க்கும் அளவு வேறு. அதை வீட்டுத் தராசிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஓடுவதற்கு முன் ஆடையின்றி ஒருமுறை, ஓடிவந்து உடலை நன்றாகத் துடைத்தபின் ஆடையின்றி ஒருமுறை எடை பார்க்க வேண்டும். இரண்டு மணி நேர ஓட்டத்துக்கு முன் 64.2 கிலோ, பின் 62.5 கிலோ, இடையில் குடித்தது 700 மில்லிலிட்டர் என்றால், இழந்தது 1.7 லிட்டரும் 0.7 லிட்டரும் சேர்ந்து 2.4 லிட்டர், மணிக்கு 1.2 லிட்டர். இழந்த அத்தனையையும் ஓடும்போதே ஈடுகட்ட வேண்டியதில்லை, வயிறும் அதை ஏற்காது. எடையில் இரண்டு விழுக்காட்டுக்கு மேல் பெரிதாகக் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். மறுபக்கமும் ஆபத்து உண்டு. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சோடியம் இயல்பான அளவைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது அளவுக்கு மிஞ்சிக் குடித்து எடை கூடியவர்களிடமே அது மிகுதியாகக் காணப்பட்டது. ஓடி முடிக்கும்போது எடை கூடியிருந்தால் குடித்தது அதிகம் என்று அறிக.

வியர்வையில் தண்ணீரோடு முக்கியமாகப் போவது சோடியம். காலையில் சாலையோரம் கிடைக்கும் இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தால் அந்தக் குறை தீரும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறிப்பிட்ட அளவு தண்ணீரில் கரைத்து எடுத்துச் செல்வது இன்னும் எளிது. ஓடி வந்தபின் உப்புப் போட்ட நீர்மோருக்கு நிகராக நான் எதையும் கண்டதில்லை.

ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தரமான வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கிறது. ஓட்டக்காரர்களுக்கென்று கடைகளில் விற்கும் ஜெல் எனப்படும் இனிப்புப் பசைப் பொட்டலம் ஒன்றிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். பேரீச்சம்பழம், குளுக்கோஸ் பிஸ்கட், பனங்கற்கண்டு என்று அவரவர் வயிறு ஏற்பதைக் கொண்டுபோகலாம். ஒருமுறை நான் கமர்கட்டை வாயில் போட்டுக்கொண்டு ஓடினேன். மூச்சு விடுவதா, மெல்லுவதா என்று தெரியாமல் இரண்டு கி.மீ. போயிற்று. பசித்த பிறகு தின்பது காலங்கடந்த செயல் என்பதால், 40-ஆவது நிமிடத்திலிருந்தே அரை மணிக்கு ஒருமுறை சிறிது சிறிதாகத் தின்னத் தொடங்க வேண்டும். பந்தயத்தன்று எதைத் தின்னப்போகிறோமோ அதையே நெடுஓட்டத்தில் தின்று பழகுவது கட்டாயம். ஓடும் உடலில் இரத்தம் கால்களுக்குப் போய்விடுவதால் குடல் எளிதில் முரண்டு பிடிக்கும். முந்தைய இரவு வழக்கமான இட்லியோ தயிர்சாதமோ போதும். பருப்பும் எண்ணெயும் மிகுந்த விருந்துச் சாப்பாட்டை ஞாயிறு பகலுக்குத் தள்ளிவைக்கலாம்.

ஓடும் அன்று

நான் இப்போது 30 கி.மீ.யை நேர்க்கோட்டில் ஓடுவதில்லை. வண்டியை ஓரிடத்தில் நிறுத்தி, அதன் சீட்டுக்கு அடியில் மூன்று தண்ணீர்ப் புட்டிகளையும் பழங்களையும் உலர்ந்த காலுறையையும் வைத்துவிட்டு, அதைச் சுற்றி 10 கி.மீ. வீதம் மூன்று சுற்று ஓடுகிறேன். சுமை இல்லை, உடம்புக்கு முடியாமல் போனால் வீடு தொலைவில் இல்லை. இரண்டாவது சுற்று முடிந்து வண்டிக்கு அருகில் வரும்போது அப்படியே ஏறிப் போய்விடலாம் என்று தோன்றுவதுதான் இதில் உள்ள ஒரே கெடுதி. டிசம்பர் நடுவில் வரும் மிக நீண்ட ஓட்டம் மார்கழித் தொடக்கத்தோடு பொருந்திவிடுவதால், மூன்றாவது சுற்றுக்குள் தெருவில் கோலங்கள் விழுந்துவிடும். களைத்த கால்கள் கோலத்தை மிதிக்காமல் விலகி ஓடுவதே தனிப் பயிற்சி.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களும் இவைதான். தூறலில் ஓடுவது சுகம். ஆனால் தண்ணீர் தேங்கிய சாலையில் ஓடுவது, குழி எங்கே, திறந்த சாக்கடை எங்கே என்று தெரியாததால், தகாது. நனைந்த காலணிக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்துவைத்தால் மறுநாளைக்குள் பெரும்பாலும் உலர்ந்துவிடும். வியர்வையோ மழையோ எதில் நனைந்தாலும் துணி தோலை அறுக்கும். தொடை இடுக்கு, அக்குள், ஆண்களுக்கு மார்புக்காம்பு ஆகிய இடங்களில் புறப்படும் முன் வாஸ்லின் தடவிக்கொள்ள மறந்தவர்கள், வீடு வந்து தலையில் முதல் குவளைத் தண்ணீரை ஊற்றிக்கொள்ளும்போது அதை நினைவுகூர்வார்கள்.

எப்போது நிறுத்த வேண்டும் என்பதில் ஐயம் வேண்டாம். இரண்டு தொடையிலும் பரவலாக இருக்கும் அலுப்பு இயல்பானது. எலும்பிலோ மூட்டிலோ ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் வலித்து, அதனால் நடையே மாறினால் நிறுத்திவிட வேண்டும். வெயிலில் ஓடும்போது மயிர்க்கூச்செறிந்து குளிர்வது, தலை சுற்றுவது, பேச்சுக் குழறுவது, நெஞ்சு வலிப்பது ஆகியவை உடனே நின்று உதவி கேட்க வேண்டிய அறிகுறிகள். வலியை அடக்கி ஓடுவதற்காக ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு புறப்படுவது சிறுநீரகத்துக்குக் கேடு. நீரிழப்போடு சேரும்போது அது இன்னும் மோசமாகும். கைபேசியும் நூறு ரூபாய்த் தாளும் பையில் இருக்கட்டும். ஆட்டோக்காரருக்குக் கடன் சொல்ல முடியாது.

ஓடி முடித்ததும் தொப்பென்று உட்காராமல் பத்து நிமிடம் நடந்து, ஒரு மணி நேரத்துக்குள் மாவுச்சத்தும் புரதமும் உள்ள உணவை உண்டுவிட வேண்டும். காலியான கிளைக்கோஜன் மீண்டும் நிரம்ப ஒன்று முதல் இரண்டு நாள் ஆகும்; திங்களன்று ஓய்வு என்று அட்டவணையில் இருப்பது அதற்காகத்தான். கடிகாரம் 29.6 கி.மீ. என்று காட்டினால் அதை 30 ஆக்குவதற்காகத் தன் வீட்டு வாசலிலேயே முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருக்கும் மனிதர்களை எல்லாத் தெருவிலும் காணலாம். எங்கள் தெருவில் அது நான்.

பயிற்சியில் 32 கி.மீ. மட்டுமே ஓடிவிட்டு, மீதி 10 கி.மீ.யைப் பந்தயத்தில் எப்படி ஓடுவது என்று புதியவர்கள் தவறாமல் கேட்பார்கள். ஒருமுறை 42 கி.மீ.யையும் ஓடிப் பார்த்துவிட்டால் தைரியம் வருமே என்பது அவர்கள் வாதம். 42 கி.மீ. ஓடிய தசைகள் தேறுவதற்கு இரண்டு மூன்று வாரங்கள் பிடிக்கும்; அப்படி ஓடிப் பார்த்தால் பந்தயக் கோட்டில் தேறாத கால்களோடு நிற்க நேரும். 32 கி.மீ. ஓட்டம் ஒரு வாரமாகச் சேர்ந்த அலுப்பின்மீது ஓடப்பட்டது. பந்தயத்தில் நிலைமை வேறு: உச்ச ஓட்டத்துக்குப் பிறகு வரும் மூன்று வாரங்களில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் 20 அல்லது 22, பிறகு 12 அல்லது 14 என்று இறங்கி, மற்ற நாட்களின் தூரமும் ஏறக்குறையப் பாதியாகி, தசைகளில் கிளைக்கோஜன் முழுதாக நிரம்பியிருக்கும். அந்த வாரங்களில் கால்கள் துறுதுறுக்கும், விடுபட்ட ஓட்டங்களையெல்லாம் இப்போது ஓடிச் சரிக்கட்டிவிடலாம் என்று கை காலணியைத் தேடும். அந்த வாரங்களில் நான் காலணியைப் பரண்மேல் எடுத்துவைத்துவிட்டு, அட்டவணையில் ஓட்டம் எழுதியிருக்கும் நாட்களில் மட்டும் இறக்குகிறேன்.